ஆடும் பூமியில் நிற்கும் கட்டடங்கள்

மாணவ நண்பர்களே, ஒரு செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையின் மேல் அதை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். இப்போது பலகையைச் சட்டென்று ஒரு பக்கமாக இழுங்கள். செங்கல் விழுந்துவிடுகிறது. அதே செங்கல்லைப் படுக்கவைத்து, அதே மாதிரி இழுத்துப் பாருங்கள். சற்று நகரலாம், விழாது.

'இதில் என்ன அதிசயம்?' என்று கேட்கிறீர்களா? அதிசயம் ஒன்றும் இல்லைதான். ஆனால் இந்தச் சின்ன உண்மையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள, ஒரு நாட்டின் கொத்தனார்கள் முந்நூறு ஆண்டுகள் பாடுபட்டார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் பூகம்பம். தவறு செய்தவர்களுக்கு அந்த ஆசிரியர் கொடுத்த தண்டனை மிகக் கடுமையானது.

அந்த நாடு பிலிப்பைன்ஸ். பசிபிக் பெருங்கடலின் மேற்கு ஓரத்தில், 7,641 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு. பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளால் ஆனது என்று படித்திருப்பீர்கள். கிழக்கே இருந்து பிலிப்பைன் கடல் தட்டும், மேற்கே இருந்து யூரேசியத் தட்டின் பகுதியும் இந்தத் தீவுகளை நெருக்குகின்றன. எரிமலைகளும் பூகம்பங்களும் நிறைந்த 'நெருப்பு வளையம்' இந்நாட்டின் வழியாகத்தான் செல்கிறது. போதாக்குறைக்கு ஆண்டுதோறும் புயல்கள் வேறு. இப்படிப்பட்ட இடத்தில் மனிதன் எப்படி வீடு கட்டினான், கோயில் கட்டினான், கல்லூரி கட்டினான் என்று பார்ப்போமா?

மூங்கில் வீட்டின் ரகசியம்

அந்நாட்டின் பழைய வீட்டுக்குப் 'பாஹாய் கூபோ' என்று பெயர். மூங்கில் கால்களின் மேல், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் சிறு வீடு. மூங்கில் பிளாச்சுத் தரை. நீப்பா என்னும் ஒருவகைப் பனையின் ஓலையால் வேய்ந்த செங்குத்தான கூரை. மழைநீர் வழிந்து ஓடிவிடும். வெள்ளம் வந்தால் கால்களுக்கு இடையே போய்விடும். பூகம்பம் வந்தால்?

நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. நிலம் பக்கவாட்டில் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் என்ற முடுக்கத்துடன் அசைவதாக வைத்துக்கொள்வோம். மூங்கில் வீட்டின் நிறை 2,000 கிலோகிராம் என்றால், அதைத் தன்னோடு இழுத்துச் செல்ல நிலம் தர வேண்டிய விசை 6,000 நியூட்டன். இனி, 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம், ஒன்றரை மீட்டர் பருமன் உள்ள ஒரே ஒரு கற்சுவரை எடுத்துக்கொள்வோம். அதன் பருமனளவு 150 கன மீட்டர். கன மீட்டருக்கு 2,000 கிலோகிராம் என்று கொண்டாலும் நிறை 3,00,000 கிலோகிராம். விசை 9,00,000 நியூட்டன்! மூங்கில் வீட்டைப்போல 150 மடங்கு.

ஆகவே, எடை குறைந்த வீட்டைப் பூகம்பம் அதிகம் பிடித்து உலுக்க முடியாது. மேலும் மூங்கில் வளையும். கட்டு அவிழாமல் ஆடிவிட்டுத் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். அப்படியே விழுந்தாலும், ஓலைக்கூரை தலையில் விழுந்து இறந்தவர் அரிது.

அப்படியானால் எல்லாக் கட்டடங்களையும் மூங்கிலிலேயே கட்டிவிடலாமே? அங்கேதான் ஒரு சிக்கல். மூங்கிலுக்கும் ஓலைக்கும் இன்னொரு பகைவன் உண்டு. அவன் பெயர் நெருப்பு.

தீக்குப் பயந்து கல்லுக்கு

1571ஆம் ஆண்டில் ஸ்பானியர்கள் மணிலாவைக் கைப்பற்றித் தங்கள் தலைநகர் ஆக்கினார்கள். அங்கே அகஸ்டின் சபைத் துறவிகள் கட்டிய முதல் தேவாலயம் மூங்கிலாலும் ஓலையாலும் ஆனது. 1574இல் லிமாஹோங் என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவன் நகரைத் தாக்கியபோது அது எரிந்துபோயிற்று. இரண்டாவது தேவாலயத்தை மரத்தால் கட்டினார்கள். 1583இல் ஓர் ஆளுநரின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு மெழுகுவர்த்தியின் சுடர் சவப்பெட்டியின் மேடைத் துணியில் பற்றியது. தேவாலயமும் போயிற்று, நகரின் பெரும்பகுதியும் போயிற்று.

இனிமேல் கல்தான் என்று முடிவு செய்தார்கள். 1587இல் வேலை தொடங்கி 1607இல் கட்டி முடித்தார்கள். இதுதான் சான் அகஸ்டின் தேவாலயம். பிலிப்பைன்ஸில் இன்று நிற்கும் கற்கோயில்களில் மிகப் பழையது இதுவே.

கல் தீக்கு அஞ்சாது. ஆனால் பூகம்பத்துக்கு? ஒரு சாக்குக்கட்டியை இரு விரல்களுக்கு இடையே நெட்டாக வைத்து அழுத்துங்கள். உடையாது. அதையே இரு முனைகளிலும் பிடித்து வளையுங்கள். 'டக்' என்று ஒடிகிறது. கல்லும் செங்கல்லும் அப்படித்தான். அமுக்கு விசையைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது சுவர் வளையப் பார்க்கிறது. வளைந்தால் ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் இழுபடும். இழுபடும் பக்கத்தில் வெடிப்பு ஓடுகிறது.

1645ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு மணிலாவுக்கு அந்தப் பாடம் நடந்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் கற்கட்டடங்கள் பெரும்பாலும் இடிந்தன. 1863ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வந்த பூகம்பத்தில் தலைமைத் தேவாலயமும் ஆளுநர் மாளிகையும் சரிந்தன. சான் அகஸ்டின் மட்டும் இரண்டு முறையும் நின்றது.

ஏன்? உள்ளே சென்று பார்த்தால் ஒரு காரணம் தெரியும். நடுக்கூடத்தின் இருபுறமும் சிறுசிறு வழிபாட்டு அறைகள் வரிசையாக உள்ளன. அந்த அறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள் வெறும் தடுப்புகள் அல்ல. நீளச் சுவர் விழாதபடி செங்குத்தாக நின்று தாங்கும் உதைசுவர்கள் அவை. ஓர் அட்டையை நெட்டாக நிறுத்துங்கள், நிற்காது. அதையே மடித்து மூலை செய்து நிறுத்துங்கள், நிற்கும். அதே தத்துவம்தான்.

இருந்தாலும் பூகம்பம் அதையும் முழுதாக விட்டுவிடவில்லை. 1880ஆம் ஆண்டு ஜூலையில் வந்த பூகம்பங்களில் அதன் இடப்பக்க மணிக்கோபுரம் வெடித்தது. பின்னர் அதை எடுத்தேவிட்டார்கள். இன்று நீங்கள் படத்தில் பார்த்தாலும் முகப்பின் ஒரு பக்கம் மட்டுமே கோபுரம் இருக்கும். இந்தக் கோபுரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வருவோம்.

இந்தத் தேவாலயத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1762இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படை சென்னையிலிருந்துதான் கப்பலேறிச் சென்றது. அதில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். அந்தப் படை சான் அகஸ்டினைக் கொள்ளையிட்டது. 1764இல் ஆங்கிலேயர் திரும்பியபோது, சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகே கைந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே மணம் புரிந்து வாழ்ந்தார்கள். 1945இல் இரண்டாம் உலகப்போரின் குண்டுகள் மணிலாவின் மதில் நகரைத் தரைமட்டம் ஆக்கியபோதும், அங்கிருந்த ஏழு தேவாலயங்களில் நின்றது சான் அகஸ்டின் ஒன்றே.

பாவாய் ஊரின் பருத்த கால்கள்

லூசோன் தீவின் வடமேற்கில் 'பாவாய்' என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயர் தமிழ்போல ஒலித்தாலும் ஊர் இலோக்கோ மொழி பேசுவோருடையது. அங்கே 1694இல் தொடங்கி 1710இல் முடித்த ஒரு தேவாலயம் உண்டு. அதைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது கோபுரத்தை அல்ல, கால்களைத்தான்! பக்கங்களிலும் பின்புறமுமாக 24 உதைசுவர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.67 மீட்டர் பருமன், கீழே வெகுதூரம் நீண்டு, மேலே சுருள்சுருளாகச் சிறுத்துச் செல்கின்றன. ஏதோ ஒரு பெரிய விலங்கு தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதுபோல் இருக்கும்.

இப்போது நம் செங்கல்லுக்கு வருவோம். பலகையை இழுக்கும்போது செங்கல்லைக் கவிழ்க்கப் பார்ப்பது நிலைமம். அது செங்கல்லின் பாதி உயரத்தில் உள்ள ஈர்ப்பு மையத்தில் செயல்படுகிறது. கவிழாமல் பிடிப்பது எடை. அதற்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் அடிப்பாகத்தின் பாதி அகலம். இரண்டையும் சமன் செய்தால் ஓர் அழகான விடை வருகிறது. அகலத்தை உயரத்தால் வகுத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்குங்கள். நிலத்தின் முடுக்கம் அதற்கு மேல் போனால் பொருள் கவிழத் தொடங்கும். விடையில் நிறை இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

22 செ.மீ. உயரமும் 7 செ.மீ. அகலமுமாக நிற்கும் செங்கல் கவிழ, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போதும். 10 மீட்டர் உயரமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள தனிச்சுவருக்கோ 0.15 பங்கே போதும். உண்மைப் பூகம்பத்தில் நிலம் முன்னும் பின்னும் ஆடுவதால் கணக்கு இவ்வளவு எளிதல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான்: உயரத்தைக் குறை, அடியை அகட்டு. பாவாய் கொத்தனார்கள் அதைத்தான் செய்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் கனமான பவளப்பாறைக் கற்கள், மேற்பகுதியில் செங்கல். ஈர்ப்பு மையம் இன்னும் கீழே இறங்கிற்று. ஐரோப்பாவின் அலங்காரமான பரோக் பாணி இங்கே வந்து இப்படிக் குட்டையாகவும் பருத்தும் போனதால், இதற்குப் 'பூகம்பப் பரோக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நடுவில் உள்ள ஒரு சோடி உதைசுவர்களில் கூரைக்கு ஏறப் படிக்கட்டும் வைத்திருக்கிறார்கள்.

கற்களை இணைத்த சுண்ணாம்புச் சாந்தில் கரும்புச்சாறு கலந்தார்கள் என்பது அங்கே வழிவழியாக வரும் செய்தி. நமக்கு இது புதிதல்ல. நம் கொத்தனார்களும் கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் கலந்தவர்கள்தாமே! சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும் என்பது வேதியியல் சொல்லும் உண்மை.

ஒதுங்கி நிற்கும் கோபுரம்

பாவாயின் மணிக்கோபுரம் தேவாலயத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. தள்ளி, தனியே நிற்கிறது. ஏன் என்று அறிய ஒரு சோதனை செய்யுங்கள்.

கெட்டி அட்டையில் ஒரே அகலமுள்ள இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்று 30 செ.மீ. நீளம், மற்றது 15 செ.மீ. நீளம். ஒரு பலகையில் களிமண்ணோ பசையோ கொண்டு, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி, விரல் பருமன் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பலகையை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நீளப் பட்டை மெதுவாகவும், குட்டைப் பட்டை வேகமாகவும் ஆடும். ஒரு கணத்தில் இரண்டும் எதிரெதிராக வந்து மோதிக்கொள்ளும். இடைவெளியை அதிகமாக்கினால் மோதல் இல்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. உயரமான கோபுரத்தின் அதிர்வெண் வேறு. குட்டையான தேவாலயத்தின் அதிர்வெண் வேறு. இரண்டையும் ஒட்டிக் கட்டினால் பூகம்பத்தில் ஒன்றையொன்று இடித்துக் கிழிக்கும். சான் அகஸ்டினின் இழந்த கோபுரம் நினைவுக்கு வருகிறதல்லவா? தள்ளிக் கட்டினால் இன்னொரு நன்மையும் உண்டு. கோபுரம் விழுந்தாலும் தேவாலயத்தில் இருப்பவர் தலையில் விழாது.

இந்தப் பாவாய் தேவாலயம், சான் அகஸ்டின், சாந்தா மரியா, மியாகாவ் ஆகிய நான்கும் 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மியாகாவின் முகப்பில், குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனிதர் ஒரு தென்னை மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறார். அருகே பப்பாளியும் கொய்யாவும்! பாணி ஐரோப்பாவுடையது, உளி பிடித்த கை உள்ளூருடையது.

கீழே கல், மேலே மரம்

கோயிலுக்கு உதைசுவர் கட்டலாம். குடியிருக்கும் வீட்டுக்கு? அதற்கு மக்கள் இரண்டையும் கலந்து ஒரு வழி கண்டார்கள். 'பாஹாய் நா பாத்தோ' என்னும் கல்வீடு அது. கீழ்த்தளம் கல்; மேல்தளம் மரம். கல் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது என்று நினைப்பீர்கள். இல்லை! அடித்தளத்திலிருந்து கூரைவரை செல்லும் கனத்த மரத்தூண்களே எடையைத் தாங்குகின்றன. நம் நொச்சியின் இனத்தைச் சேர்ந்த மொலாவே போன்ற வைரம்பாய்ந்த மரங்கள் அதற்குப் பயன்பட்டன. கல் வெறும் திரைதான். பூகம்பத்தில் கல் உதிர்ந்தாலும் மரச்சட்டகம் ஆடிவிட்டு நிற்கும். மூங்கில் வீட்டின் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை என்பதைப் பாருங்கள்.

மேல்தளத்தின் சன்னல்களில் கண்ணாடி கிடையாது. 'காப்பீஸ்' என்னும் தட்டையான சிப்பியின் ஓடுகளைச் சதுரமாக வெட்டி, மரச்சட்டத்தில் பதித்திருப்பார்கள். அவை ஒளியை உள்ளே விடும். வெயிலின் கூச்சத்தை விடாது. இதே இனச் சிப்பி இலங்கையில் திருகோணமலைக்கு அருகே தம்பலகாமம் குடாவிலும் கிடைக்கும்; அங்கே முத்துக்காக அதை எடுத்தார்கள். இத்தகைய வீடுகள் தெருத்தெருவாக நிற்கும் வீகான் நகரம் 1999இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1880ஆம் ஆண்டுப் பூகம்பங்களுக்குப் பிறகு கனத்த ஓட்டுக் கூரைகள் போய்த் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகள் பரவின. தலைக்கு மேலே எடை குறைந்தது.

இரும்புக் கோயிலும் அதன் பகைவனும்

மணிலாவில் சான் செபாஸ்டியன் என்று ஒரு தேவாலயம். 1859, 1863, 1880 என்று மூன்று பூகம்பங்கள் அதை மாற்றி மாற்றி இடித்தன. பொறுமை இழந்த துறவிகள் ஹெனாரோ பலாசியோஸ் என்ற பொறியாளரை நாடினார்கள். தீக்கும் பூகம்பத்துக்கும் அஞ்சாத கோயிலாக, முழுவதும் எஃகிலேயே கட்டுவோம் என்றார் அவர். பாகங்கள் எல்லாம் பெல்ஜியத்தில் வார்த்துச் செய்யப்பட்டு, கப்பல்களில் வந்து, மணிலாவில் பூட்டப்பட்டன. 1891இல் பணி முடிந்தது. தூண், சுவர், கூரை, வானைத் தொடும் இரட்டைக் கோபுரம் எல்லாம் எஃகு. உள்ளே பளிங்குபோல வண்ணம் தீட்டிவிட்டதால் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்!

எஃகு இழுவிசையையும் தாங்கும், அமுக்கு விசையையும் தாங்கும். அளவுக்கு மீறினாலும் உடனே ஒடியாமல் முதலில் வளையும். 1891க்குப் பின் வந்த எந்தப் பூகம்பமும் அதைச் சாய்க்கவில்லை. வெற்றிதானே?

இல்லை, நண்பர்களே. அங்கேதான் மூன்றாவது பகைவன் வந்தான். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. வானில் மழை இருக்கிறது. கூரையில் கசிந்த நீர் உட்குழிவான தூண்களுக்குள் இறங்கித் தேங்கிற்று. இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்தால் துரு. உப்பு அந்த வேலையை விரைவுபடுத்தும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், இணைப்புகளை உள்ளிருந்தே நெம்பித் தள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. 1998இலும் 2010இலும், உலக அளவில் ஆபத்தில் உள்ள நினைவுச்சின்னங்களின் பட்டியலில் இந்தத் தேவாலயம் இடம்பெற்றது. ஒரு நொடியில் தாக்கும் பகைவனை வென்ற கோயில், நூறாண்டு பொறுத்து அரிக்கும் பகைவனோடு போராடவேண்டி வந்தது.

நாற்பது துண்டுகளாக ஒரு கட்டடம்

1611இல் தோன்றிய சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் மணிலாவில் இருக்கிறது. 1920களில் அதற்குப் புதிய தலைமைக் கட்டடம் எழுப்பும் பொறுப்பு ரோக்கே ருவான்யோ என்ற துறவியிடம் வந்தது. அவர் கட்டடப் பொறியாளரும்கூட. 1923இல் ஜப்பானில் டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் அழித்த பெரும் பூகம்பத்தின் பாடங்களை அவர் கருத்தில் கொண்டார்.

பூகம்பம் என்பது அலை. நீண்ட கட்டடத்தின் அடியில் அலை ஓடும்போது ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை வேறு பக்கமும் இழுபடும். அப்படியானால் நீண்ட கட்டடமே வேண்டாம் என்று தீர்மானித்தார் ருவான்யோ. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாளிகை. உண்மையில் அது சிறு இடைவெளிகளால் பிரிந்த 40 தனித்தனிக் கட்டடங்கள்! ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடிக்கொள்ளும். ரயில் வண்டி வளைவில் திரும்புவது பெட்டிகள் தனித்தனியாக இருப்பதால்தானே? அமுக்கு விசையைக் கான்கிரீட்டும், இழுவிசையை உள்ளே உள்ள இரும்புக் கம்பியும் பங்கிட்டுக்கொள்கின்றன. 1927இல் முடிந்த இக்கட்டடம் இன்றும் வகுப்பறைகளோடு இயங்கிவருகிறது.

விழுந்தவற்றையும் கேளுங்கள்

இவ்வளவும் படித்ததும், 'பழைய காலக் கட்டடமே கட்டடம்' என்று சொல்லத் தோன்றும். என் வகுப்பு மாணவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். நாம் இன்று பார்ப்பது நின்றவற்றை மட்டுமே. விழுந்தவை நம் கண்ணில் படுவதில்லை. தேர்வில் தேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு வகுப்பே தேறியது என்று சொல்லலாமா?

2013ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் காலை 8 மணி 12 நிமிடத்துக்குப் போஹோல் தீவில் 7.2 அளவுள்ள பூகம்பம் வந்தது. லோவோன் ஊரின் பெரிய கல் தேவாலயம் சில நொடிகளில் கற்குவியல் ஆயிற்று. லோபோக், மாரிபோஹோக் ஊர்களின் பழைய தேவாலயங்களும் இடிந்தன. அன்று பொது விடுமுறை. வழிபாட்டு நேரமும் இல்லை. இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

புதிய கட்டடம் என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. 1968ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் விடியற்காலைப் பூகம்பத்தில், மணிலாவின் 'ரூபி டவர்' என்ற ஆறு மாடிக் கட்டடம் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சான் அகஸ்டினும் சான் செபாஸ்டியனும் அதே நகரில் நின்றன. அந்த விபத்துக்குப் பின், 1972இல் பிலிப்பைன்ஸின் தேசியக் கட்டுமான விதித்தொகுப்பு வெளிவந்தது. கட்டடத்தைக் காப்பது அதன் வயது அல்ல. கணக்கும், நேர்மையான வேலையும், பிறகு விடாத பராமரிப்பும்தான்.

அடுத்த முறை உங்கள் பள்ளிக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எது உயரம், எது அகலம்? எடை எங்கே இருக்கிறது, மேலேயா கீழேயா? மூலைகளில் வெடிப்பு உண்டா? கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது? கண்டதை ஒரு தாளில் வரைந்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் ஏதேனும் இருந்தால், அதை முதலில் காட்டுங்கள்.